எழுப்பி விடும் அண்ணை

வன்னியில் பட்டினத்துக்கு ஒரு அண்ணை இருக்கிறார். பரந்தனில் ஒருவர், மாங்குளத்தில் ஒருவர், முல்லைத்தீவில் ஒருவர். வவுனியா பெரிய இடம் என்பதால் அங்கே நாலைந்து பேர். ஆள்தான் வேறு, அச்சு ஒன்று. கழுத்தில் பென் டிரைவ், சேட்டுப் பொக்கற்றில் ரெஸ்ரர், மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் யாரோ கழற்றி எறிந்த ஹாட் டிஸ்க் மூன்று.

கந்தோரில் எது நின்றுபோனாலும் அவருக்குத்தான் அழைப்புப் போகும். கணினியா, பிரின்ரரா, தண்ணி மோட்டாரா என்பதெல்லாம் அவருக்குப் பொருட்டில்லை. முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்:

"ஓஃப் பண்ணி ஓன் பண்ணிப் பாத்தனீங்களோ?"

பார்த்தோம் என்றால், "வடிவா ஓஃப் பண்ணியிருக்க மாட்டியள்" என்பார்.

இது படித்து வந்த கலையில்லை, பரம்பரைச் சொத்து. 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடைக் காலத்தில், எங்கள் கிளிநொச்சி அண்ணையின் தகப்பனார் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் ரேடியோச் செய்தி கேட்டவர். நாலு சொட்டுப் பெற்றோலைக் காட்டி மோட்டார் சைக்கிளை உதைத்து எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிப்போனவர். அந்த வண்டி ஏன் நின்றது என்று அந்த நாளில் ஒருவரும் கேட்டதில்லை. நிற்க ஆயிரம் காரணம் இருந்தது. ஓட ஒரு வழி கிடைத்தால் அதுவே பெரிய காரியம்.

இப்படிப்பட்டவரின் மகன் கையில்தான் எங்கள் கந்தோர் சேர்வர் வந்து சேர்ந்தது.

முன்பு எங்களிடம் ஆறு வேலைக்கு ஆறு பெட்டிகள் இருந்தன. பிறகு ஒரே ஒரு பெரிய சேர்வரை வாங்கி, அதற்குள் ஆறு மெய்நிகர் கணினிகளைக் குடியேற்றினார்கள். அது என்ன சங்கதி என்று கந்தோர்ப் பெரியவர் கேட்டபோது அண்ணை சொன்ன விளக்கத்தை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

"சேர், இடம்பெயர்ந்த காலத்தில ஒரு வளவுக்குள்ள ஆறு குடும்பம் இருந்தது ஞாபகமோ? அடுப்பு வேற, உலை வேற, கிணறு மட்டும் ஒண்டு. ஆனா ஒவ்வொருத்தரும் அதைத் தங்கட வீடெண்டுதான் நினைச்சவை. அதுதான் இது."

கிணறு இடிந்தால் ஆறு உலையும் ஒன்றாக இறங்கும் என்பதை அவர் சொல்லவில்லை. எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை கிணறு இடிந்தது. சம்பளம், விடுமுறை, கோப்புகள் என்று ஆறும் ஒரே நேரத்தில் நின்றன. விண்டோஸ் விழுந்தால் நெடுங்காலம் நீலத் திரைதான் வந்தது என்பது ஊருக்கே தெரியும். எங்களுடையது மெய்நிகர் கணினிகளை ஓட்டுகிற வி.எம்.வெயார். அது விழுந்தால் கத்தரிப்பூ நிறத்தில் திரை விரித்து, அதன் மேல் வெள்ளை எழுத்தில் ஏதோ ஒரு மரண சாசனம் எழுதும். அண்ணை கால் மணித்தியாலத்தில் வந்தார். கத்தரிப்பூவை ஒரு பார்வை பார்த்தார். சுவிச்சில் விரலை வைத்து, குழந்தையின் மூக்கைப் பிடித்து மருந்து பருக்குவதுபோல அப்படியே அமர்த்திப் பிடித்தார். பெட்டி அடங்கியது. பிறகு எழும்பியது. ஆறு குடும்பமும் மறுபடி அடுப்பு மூட்டின. அண்ணைக்குப் பிளேன்ரீயும் இரண்டு வடையும் வந்தன.

"என்ன காரணம் தம்பி?" என்றார் பெரியவர்.

"கரண்ட், சேர்."

அடுத்த கிழமையும் விழுந்தது. "சூடு" என்றார். ஏ.சி. போட்டார்கள். அதற்கடுத்த கிழமை விழுந்தபோது "வைரஸ்" என்றார். சும்மா சொல்லக்கூடாது, எழுப்பாமல் ஒருநாளும் போனதில்லை.

"அண்ணை, இப்பிடித் திருப்பித் திருப்பி எழுப்பிறது சரியோ?" என்று நான் ஒருநாள் துணிந்து கேட்டேன்.

அதற்கும் ஆதாரம் வைத்திருந்தார். 2024 யூலை 19இல் கிரவுட்ஸ்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் பிழையான ஒரு புதுப்பிப்பால் உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு விழுந்தன. விமானங்கள் தரையில் நின்றன. அப்போது மைக்ரோசொவ்ற், தன் முகிலில் ஓடும் மெய்நிகர் கணினிகளைச் சிலர் 15 தரம் வரை ரீஸ்ரார்ட் செய்து மீட்டிருக்கிறார்கள், நீங்களும் செய்து பாருங்கள் என்று அறிவித்தது.

"பதினைஞ்சு தரம்! மைக்ரோசொவ்ற்றே சொல்லுது. நான் இன்னும் நாலாவதிலதான் நிக்கிறன்."

ஐந்தாவது தரம் பெரியவர் பொறுமை இழந்து, எழுத்தில் காரணம் கேட்டார். அண்ணை முதன்முறையாகச் சேர்வரின் பதிவேட்டைத் திறந்தார். கடைசி வரியில் நேரம் 04:42 என்று இருந்தது.

"சேர், இது விடியப்புறமே செத்துப்போச்சு. நீங்கள்தான் பத்து மணிக்குக் கண்டனீங்கள்."

"நான் ஒன்பதரைக்கு விடுமுறைக் கணக்குப் பாத்தனான், வேலை செய்ததே" என்றார் எழுதுவினைஞர் அக்கா.

"அது பழைய பக்கம் திரையில நிண்டிருக்கும் அக்கா."

விடியப்புறம் நாலே முக்காலுக்குக் கந்தோரில் யார் இருப்பார்கள்? பின்பக்க மாமரத்தை அண்ணை அண்ணாந்து பார்த்தார். "குரங்கு."

சிரிக்கவும் முடியவில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி இலங்கை முழுவதும் இருண்டுபோனதற்கு, பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதுதான் காரணம் என்று அமைச்சரே சொன்ன நாடு இது. நாட்டையே அணைக்கிற சாதிக்கு எங்கள் சேர்வர் எம்மாத்திரம்? மின்கம்பத்துக்குத் தகரம் சுற்றினார்கள். காவலாளி ஐயா விடியப்புறம் நாலு மணிக்குக் கெற்றப்போலோடு மாமரத்தடியில் கதிரை போட்டு இருந்தார். பனிக்குச் சால்வையும் சுற்றியிருந்தார். ஒரு கிழமை ஒரு குரங்கும் வரவில்லை. எட்டாம் நாள் காலை பத்து மணிபோலச் சேர்வர் விழுந்தது. பதிவேட்டில் 04:38.

"நுளம்புகூடக் கிட்ட வரேல்லைத் தம்பி" என்று ஐயா தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

அன்று வவுனியாப் பல்கலைக்கழகத்திலிருந்து பயிற்சிக்கு வந்திருந்த பிள்ளை ஒன்று கந்தோரில் நின்றது. அண்ணையின் விரல் சுவிச்சுக்குப் போன நேரம், "அண்ணா, ஒருக்காப் பொறுங்கோ" என்று குறுக்கே வந்து, கத்தரிப்பூத் திரையைப் போனில் படம் பிடித்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒவ்வொரு தரமும் எழுப்பி விட்ட அண்ணை, ஒவ்வொரு தரமும் திரையிலிருந்த சாட்சியைத் துடைத்துவிட்டும் போயிருக்கிறார்.

பிறகு அந்தப் பிள்ளை பதிவேட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டது: "இது ஆற்ற நேரம்?"

ஒருவருக்கும் விளங்கவில்லை. இந்தச் சேர்வர் பதிவேட்டை உலகப் பொது நேரத்தில்தான் எழுதும், கிறீனிச் நேரம் என்று வையுங்கோ, எங்கட நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் கூட்ட வேணும் என்று அது விளக்கியது. 04:42 என்றால் காலை 10:12. 04:38 என்றால் 10:08. காவலாளி ஐயா கெற்றப்போலைக் கதிரைக்கடியில் மெல்லத் தள்ளினார்.

நாற்பது தாண்டிய நாங்கள் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம். இந்தக் கணக்குத் தெரியாதவர்களா நாங்கள்? 1996 மே மாதம் கொழும்பு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி, ஒக்ரோபரில் அரை மணித்தியாலம் பின்னே இழுத்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி பழைய நேரத்திலேயே நின்றது. 2002இல் ஏ-9 வீதி திறந்தபின் ஓமந்தையைத் தாண்டினால் கையிலிருக்கிற மணிக்கூடு அரை மணித்தியாலம் பொய் சொல்லும். கலியாண வீடென்றாலும் பஸ் என்றாலும், "எங்கட நேரமோ, கொழும்பு நேரமோ?" என்று கேட்காமல் ஒருவரும் படலை தாண்டியதில்லை. 2006 ஏப்ரலில் கொழும்பே பழைய நேரத்துக்குத் திரும்பி வந்தது. பத்து வருசம் மனக்கணக்கில் கூட்டிக் கழித்த சனம், ஒரு பெட்டியிடம் அதைக் கேட்க மறந்துபோனோம்.

மிச்சம் சுருக்கம். பத்து மணிக்குத் தேத்தண்ணி முடிந்து எல்லோரும் கணினிக்குத் திரும்புவார்கள். ஆறு குடும்பமும் ஒன்றாகக் கிணற்றில் வாளி போடுகிற நேரம் அதுதான். படத்தில் இருந்த எழுத்து வன்பொருள் பிழை என்றது. வன்பொருளுக்கென்று தனியாக இருந்த பதிவேட்டைத் திறந்தால், குறிப்பிட்ட ஓர் இடத்தில் செருகியிருந்த ராம் ஒன்று மட்டும், கிழமைக்கணக்காக "திருத்திவிட்டேன், திருத்திவிட்டேன்" என்று எழுதி வைத்திருந்தது. விழுந்த நாட்களில் மட்டும் "திருத்த முடியவில்லை" என்று இருந்தது. அந்த ராமைக் கழற்றினார்கள். கொழும்பிலிருந்து புதியது வரும்வரை இரண்டு குடும்பங்களை நிறுத்தி வைத்து மற்ற நாலையும் ஓட்டினார்கள். அதன்பிறகு விழவில்லை.

அண்ணை வாடிப்போவார் என்று நினைத்தேன். அந்த வம்சம் அப்படி வாடுகிறதில்லை. போன கிழமை கரடிப்போக்குச் சந்தித் தேத்தண்ணிக் கடையில் கண்டேன். எந்தக் கந்தோரிலிருந்தோ அழைப்பு. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, வடையைப் பிய்த்தபடி கதைத்தார்.

"விழுந்திட்டுதோ? சுவிச்சிலை கை வையாதேங்கோ, முதல் ஒரு படம் எடுங்கோ... எத்தினை மணிக்கு விழுந்தது?"

மறுமுனை ஏதோ நேரம் சொல்லியிருக்க வேண்டும். அண்ணை வடையைத் தட்டில் வைத்துவிட்டு, பிறப்பிலேயே தெரிந்தவர் மாதிரி நிமிர்ந்து இருந்து கேட்டார்:

"சரி, அது ஆற்ற நேரம்?"