மப்ளரை நம்பாத லாவெண்டர்

மைசூரு குளிர்ப் பிரதேசம் என்பது திருச்சிக்காரர்கள் ஏகமனதாக எடுத்த தீர்மானம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 770 மீட்டர் உயரம். மார்கழி விடியலில் 15, 16 டிகிரி. இதற்கே என் மாமனார் மப்ளர், குரங்குக் குல்லா, கம்பளி சாக்ஸ் சகிதமாக எங்கள் குவெம்புநகர் வீட்டுக் கூடத்தில் காபிக்குக் காத்திருப்பார். அந்தப் போட்டோ டொரான்டோவில் இருக்கும் மைத்துனர் கண்ணில் பட்டதுதான் வினை.

"அத்தான், உங்க ஊரும் குளிரு, எங்க ஊரும் குளிரு. லாவெண்டர், எக்கினேசியா ரெண்டும் போடுங்க. வேர் பிடிச்சுட்டா தண்ணியே கேக்காது, வருஷா வருஷம் பூக்கும். விதை ஆன்லைன்லயே கிடைக்கும்."

தண்ணீர் கேட்காது என்றதும் என் மனைவி விழுந்துவிட்டாள். எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான். அதுவும் காவிரி. மைசூரில் குடியிருக்கும் தமிழன் ஹோஸ் பைப்பும் கையுமாகக் காவிரியை ரோஜாவுக்குப் பாய்ச்சும்போது சுற்றுமுற்றும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. பிருந்தாவனத்துக்குத் திட்டம் போட்டுக் கொடுத்த ஜெர்மானியர் கிரும்பீகலுக்கு இந்தக் கவலையே இல்லை. லண்டன் கியூ தோட்டத்தில் வேலை பார்த்தவர். தோட்டம் அமைந்ததோ கிருஷ்ணராஜசாகர் அணையின் காலடியில். கொடுத்துவைத்தவர்.

விதை வந்தது. குளிர்நாட்டு விதைக்கு ஒரு பிடிவாதம் உண்டு: ஈரத்தோடு சில வாரம் குளிரில் கிடந்து, 'பனிக்காலம் போய்விட்டது' என்று நம்பினால்தான் முளைக்கும். ஆகவே ஃப்ரிட்ஜில், இட்லி மாவுக்கும் மல்லித்தழைக்கும் நடுவே, ஈரத் துணியில் சுற்றிய ஒரு போலிக் கனடா குடியேறியது. விதை ஏமாந்தது; முளைத்தது. செடி ஏமாறவில்லை. குளிரில் ஒடுங்கி எழுந்தால்தான் நன்றாகப் பூக்கும் ஜாதி அது. மாமனாரின் மப்ளரை அது சாட்சியமாக ஏற்கவே இல்லை. தசரா சமயத்து மழை நாலு நாள் விடாமல் பிடித்ததில் வேர் அழுகிப் போய்ச் சேர்ந்தது. வறட்சிக்கு அஞ்சாத செடி, மழையில் செத்தது!

இத்தனைக்கும் காம்பவுண்டுச் சுவர் விரிசலில் ஒரு நித்தியகல்யாணி, யாரும் கூப்பிடாமல் வந்து, யாரும் ஊற்றாமல் பூத்துக்கொண்டிருந்தது. மடகாஸ்கர் பூர்வீகம். ஆடு வாய் வைக்காது. ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டின் இதிலிருந்துதான் வந்தது. இவ்வளவு இருந்தும் "சுடுகாட்டுச் செடி" என்று மனைவி அதற்கு வாசற்படிக்குள் இடம் கொடுக்கவில்லை. காசு கொடுத்து வாங்காத செடிக்கு எங்கள் வீட்டில் ஓட்டுரிமை கிடையாது.

டிசம்பர் பூ மட்டும் விதிவிலக்கு. கனகாம்பரத்தின் பங்காளி, மாமியார் திருச்சியிலிருந்து ஒடித்துவந்த குச்சி. கோடை முழுக்கக் காய்ந்த விறகாக நின்றது, ஊரே போர்த்திக்கொண்ட மாதத்தில் புதர் கொள்ளாமல் ஊதாவாகப் பூத்தது.

மைத்துனரோ வாரம் தவறாமல் "லாவெண்டர் எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மனைவி சற்றுத் தள்ளி நின்று, கொஞ்சம் கலங்கலாக, டிசம்பர் பூவைப் படமெடுத்து அனுப்பினாள். ஊதா நிறம் பொருந்திவிட்டது. வாசனை சுத்தமாகக் கிடையாது என்பதை வாட்ஸ்அப் காட்டிக்கொடுக்காது.

ஐந்தே நிமிஷத்தில் பதில்: "சூப்பர் அக்கா! எங்க லாவெண்டர்கூட இவ்வளவு பூத்ததில்ல. இந்த வெரைட்டில கொஞ்சம் விதை எடுத்து வைங்க."