கோமுகிப் பைவாயன்: தாவரவியலும் பகடையியலும் கலந்த ஓர் ஆராய்ச்சி

கற்பனை விளையாட்டுகளுக்கு அரக்கர்களை வகுத்துத் தருவோரிடம் ஒரு பெருங்குறை உண்டு. அவர்கள் ஏரியில் இறங்கிப் பார்ப்பதில்லை. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் அமெரிக்காவில் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்னும் பகடை விளையாட்டு தொட்டு இன்றுவரை, ஆள்விழுங்கிச் செடி என்றால் அதற்குக் கொடி வேண்டும், பல் வேண்டும், உறுமல் வேண்டும். அதற்குச் சரியாக நூறாண்டு முன், 1874இல், மடகாஸ்கரில் ஒரு மரம் பெண்ணை விழுங்கியதாக 'நியூயார்க் வேர்ல்டு' நாளிதழ் முழுப்பொய் ஒன்றை அச்சிட்டது. அந்தப் பொய்யின் பேரப்பிள்ளைகளே இன்றைய பகடைச் செடிகள் என்பது நம் துணிபு.

ஆகவே கள்ளக்குறிச்சிக்கெனப் பைவாயன் என்னும் நீர்வாழ் ஊனுண்ணிச் செடியரக்கன் ஒருவனை வழுவின்றி வகுப்பதே இவ்வாராய்ச்சியின் நோக்கம். 2019 நவம்பரில் தனி மாவட்டமாகி, ஆட்சியர் அலுவலகமும் எஸ்.பி. அலுவலகமும் வந்துவிட்ட பிறகு, அரக்கனை மட்டும் விழுப்புரத்திலிருந்து இரவல் வாங்குவது முறையாகாது.

இவ்வரக்கனுக்கு மூலம் யாது எனின், யூட்ரிகுலேரியா என்க. பள்ளித் தாவரவியலில் பூச்சியுண்ணும் தாவரங்கள் என்று ஒரு மதிப்பெண் கேள்விக்காக மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்த மாலையே மறந்த அதே செடிதான். தமிழ்நாட்டுக் குளங்களிலும் வயல்நீரிலும் மிதக்கும். இதில் கள்ளக்குறிச்சி மட்டும் விலக்கு என்று வாதிட யாருக்கும் ஆதாரமில்லை. வேர் கிடையாது. நீருக்கு மேலே சின்னஞ்சிறு மஞ்சள் பூ, பார்த்தால் பரமசாது. நீருக்கு அடியிலோ ஓரிரு மில்லிமீட்டர் அளவில் நூற்றுக்கணக்கான பைகள். ஒவ்வொரு பையும் தன்னுள் இருக்கும் நீரை வெளியேற்றி, கன்னம் ஒட்டிப்போய், வாயை இறுக மூடிக் காத்திருக்கும். வாயிற்கதவில் உள்ள மயிரிழையை ஒரு நீர்த்தெள்ளு தொட்டால் கதவு உட்புறம் மடங்கும். நீரும் தெள்ளும் ஒருசேர உள்ளே போகும். இவ்வளவும் ஏறத்தாழ அரை மில்லிவிநாடியில்.

டார்வினே இங்கு சறுக்கினார். 1875இல் வெளிவந்த ஊனுண்ணித் தாவர நூலில், பூச்சிகள் தலையால் முட்டிக் கதவைத் திறந்துகொண்டு தாமாகவே நுழைகின்றன என்று கருதினார். நியூஜெர்சியில் மேரி ட்ரீட் என்னும் அம்மையார் பொறுமையாக உட்கார்ந்து பார்த்து, அவை இழுக்கப்படுகின்றன என்று கண்டார். வாசலில் வந்து நின்றவனைக் குற்றவாளி என்பதா, கதவைக் குற்றவாளி என்பதா என்ற வழக்கில், அம்மையார் பக்கமே தீர்ப்பாயிற்று.

இனி அரக்கனின் குணக்கணக்கு. விளையாட்டு விதிப்படி ஒவ்வோர் அரக்கனுக்கும் அறிவுப் புள்ளி தரவேண்டும். அமெரிக்கர்கள் இதற்கு மூளையைக் கசக்குகிறார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. தொல்காப்பியர் மரபியலில் புல்லுக்கும் மரத்துக்கும் ஒன்று என்று ஏற்கெனவே புள்ளி போட்டு வைத்திருக்கிறார், அதுவும் தொடுவுணர்வு ஒன்றே. பைவாயனுக்கும் அந்த ஒரு மயிரிழைத் தொடுகையே முழு மூலதனம். ஆனால் அது தின்னும் நீர்த்தெள்ளோ நண்டின் உறவுமுறை. நண்டு நான்கறிவு உயிர். ஓரறிவு நான்கறிவை விழுங்குவது வரிசைமுறைக்கே இழுக்கன்றோ எனின், இழுக்குத்தான். அரக்கன் எனப்பட்டதே அதனால்தான் என்பது விடை.

உருவத்துக்கு வருவோம். ஒரு மில்லிமீட்டர் தெள்ளுக்கு இரண்டு மில்லிமீட்டர் பை என்றால், ஐந்தரை அடி ஆளுக்குப் பதினோரடி விட்டமுள்ள பை வேண்டும். அதன் கொள்ளளவு சுமார் 20,000 லிட்டர். ஒரே மூச்சில் பாதியளவு இழுத்தாலும் 10,000 லிட்டர். இப்படி 500 பைகள் ஒன்றாக வாய் திறந்தால் 50 லட்சம் லிட்டர். கச்சிராயபாளையம் அருகே 46 அடி உயரத்துக்கு நீர் நிற்கும் கோமுகி அணையில் இது நடந்தால், மட்டம் சரிந்து பொறியாளர் விளக்கம் கேட்க மாட்டாரா? கேட்கமாட்டார். எவ்வளவு நீர் உள்ளே புகுகிறதோ அவ்வளவே பை உப்புகிறது. ஆகவே அளவுகோலில் ஒரு விரற்கடையும் இறங்காது. பதிவேட்டில் மட்டம் அப்படியே இருக்கும், பரிசலில் போனவர் மட்டும் இருக்கமாட்டார். இவ்வளவு கச்சிதமாகக் கணக்குக் காட்டும் அரக்கன் வேறெந்த விளையாட்டிலும் இல்லை.

வேகம்தான் சிக்கல். இன்றைய விதிப்படி சண்டையில் ஒரு சுற்று 6 விநாடி. அரை மில்லிவிநாடிப் பாய்ச்சல் என்றால் ஒரு சுற்றில் 12,000 விழுங்கல் என்று ஆர்வக்கோளாறில் எழுதிவிடக் கூடாது. ஒருமுறை விழுங்கிய பை நீரை இறைத்து மீண்டும் தயாராகக் கால்மணி நேரமாவது பிடிக்கும். அதாவது ஒரு விழுங்கலுக்கு 150 சுற்று ஓய்வு. மதியச் சாப்பாட்டுக்குப் பின் நம்மவர் நிலைக்கு இது மிகவும் பொருந்தி வருவதால், உள்ளூர் ஆட்டக்காரர்கள் ஆட்சேபிக்கமாட்டார்கள்.

அவர்கள் ஆட்சேபிக்கப் போவது பகடையை. இருபது முகப் பகடையில் 20 விழுந்தால் ஆனந்தம், 1 விழுந்தால் அவமானம் என்கிறது அமெரிக்க விதி. தாயக்கட்டை உருட்டி வளர்ந்த ஊரில் ஒன்று விழுந்தால் தாயம். அது விழாமல் காயே இறங்காது. தாயம் போட்டவனை அரக்கன் விழுங்கினான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு ஆட்டநடத்துநர் ஊருக்குள் நடமாட முடியாது. ஆகவே கள்ளக்குறிச்சிப் பாடத்தில் ஒன்றே வெற்றி. பகடையைப் பிளாஸ்டிக்கில் வாங்கவும் வேண்டாம். 2021இல் புவிசார் குறியீடு பெற்ற மரச்சிற்பக்காரர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். யாளியைச் செதுக்கும் கைக்கு இருபது முகம் பெரிய காரியமா?

நிலவறை ஆட்டங்களில் ஆழத்துக்குப் போகப் போக அரக்கனின் வலிமை ஏறும். இங்கு தலைகீழ். மூலச்செடி ஊனுண்ண வந்ததே, தண்ணீரில் சத்துக் குறைவு என்பதால்தான். எனவே கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கத்துத் தெளிந்த நீரில் பைவாயன் முழு வலிமையோடு இருப்பான். கரியாலூர்ப் படகு குழாமுக்கு இது நல்ல செய்தியல்ல. மழையில் அடித்துவரப்பட்டு அணைக்கு வந்தால் பாதி. வாய்க்கால் வழியே யூரியா கரைந்த வயல்நீரைக் குடித்தால் கால். நகரத்துச் சாக்கடை கலக்கும் ஏரியை எட்டும்போது அவனை ஒரு தவளைக்குஞ்சு தோற்கடிக்கும்.

அங்கே அவனை முடிப்பது வீரன் அல்ல, ஆகாயத்தாமரை. தென்னமெரிக்காவிலிருந்து வந்து, சாக்கடையைச் சாறாகக் குடித்துக் கொழுத்து, ஏரியையே மூடி வெளிச்சத்தை மறைக்கும் செடி. இதன் கொட்டம் தாங்காமல் 1936இல் வங்காளத்தில் தனிச் சட்டமே போட்டார்கள். ஒரு பூச்சியைக்கூடத் தின்னாத சைவம் என்பதால் நம் ஆராய்ச்சியில் அதற்கு இடமில்லை. இலக்கணம் என்றால் இலக்கணம்தான். ஆனால் அச்சப் புள்ளி கொடுப்பது என் கையில் இருந்தால், பைவாயனைவிட இதற்கே அதிகம் கொடுப்பேன்.

எஞ்சியது பரிசு. அரக்கனை வென்றவருக்குப் பொற்குவியல் தருவது வழக்கம். பைகளைக் கிழித்துப் பார்த்தால் கிடைப்பவை கொசுப்புழுத் தோல்களும் தெள்ளுகளின் ஓடுகளுமே. சித்திரையில் ஏரி வற்றியதும் அரக்கன் தானாகவே மடிந்து, விதையை மட்டும் சேற்றில் விட்டுப் போவான். அப்போது கரையில் நிற்கும் வீரருக்கு ஒரு டிராக்டர் வண்டல் மண் பரிசாகத் தரப்படும். வட்டாட்சியர் அனுமதி வாங்கியிருந்தால் நேரே வயலுக்கு ஓட்டலாம்; வாங்காதவர் மீண்டும் பகடையை எடுக்கவேண்டும், இம்முறை தாயம் செல்லாது.