நிலுவை: சுழி ரூபாய்

நேற்று ராத்திரி பதினொன்றே காலுக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். குடித்த கையோடு போனை எடுத்து, கட்டட அனுமதிக் கட்டணம் என்ன ஆயிற்று என்று ஒரு தடவை பார்த்தேன். ஆறு மணிக்கும் பார்த்தேன், ஏழரைக்கும் பார்த்தேன். எந்த அதிகாரி ராத்திரியில் உட்கார்ந்து என் ஃபைலைத் தள்ளப்போகிறார்? தெரியும். தெரிந்தும் பார்த்தேன். நீங்களும் பார்க்கிற ஆள்தான், சிரிக்க வேண்டாம்.

‘செலுத்த வேண்டிய தொகை: 0.00’ என்று இருந்தது. அதற்கு நேர் கீழே சிவப்பில், ‘நிலை: கட்டணம் நிலுவையில் உள்ளது.’

அதாவது நான் சுழி ரூபாய் பாக்கி. அதையும் இன்னும் கட்டாமல் இழுத்தடிக்கிறேன்.

எந்த ஊர் அலுவலகம் என்று கேட்காதீர்கள். பையன் வேலை பார்க்கிற ஊர், சின்ன மனை. அனுமதி கைக்கு வரும்வரை அந்த ஊர்ப் பெயரை மரியாதையோடு சொல்வது, வந்த பிறகு சொல்லாமலே இருப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். ஆன்லைனில் நிலுவையை எப்படிப் பார்ப்பது, பார்த்ததை எப்படிப் புரிந்துகொள்வது என்று நாலு பேருக்குப் பயன்படுகிற மாதிரி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். வருகிறேன்.

2024 ஜூலையில் ஒரு திட்டம் வந்தது ஞாபகம் இருக்கும். 2,500 சதுர அடி வரை மனை, அதில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமோ அதன்மேல் ஒரு மாடியோ என்றால், சுயசான்று கொடுத்துக் கட்டணத்தைக் கட்டி உடனடியாக அனுமதி வாங்கிக்கொள்ளலாம். எங்கள் மனை 2,560. அந்த அறுபது சதுர அடியில் ஒரு துளசி மாடம் வைக்கலாம் என்று என் வீட்டுக்காரி ஆசைப்பட்டு வாங்கியது. இப்போது துளசிக்கும் சேர்த்து நான் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

கட்டணப் பட்டியலைத் திறந்தால் கூராய்வுக் கட்டணம், உரிமக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம் என்று வரிசை. தொழிலாளர் நல நிதி கட்டுமானச் செலவில் நூற்றுக்கு ஒன்று. 1996-ஆம் வருஷத்துச் சட்டத்தில் வந்தது. அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை, கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் போகிற காசு. கடைசி வரியில் ‘இதர’ என்று ஒன்று இருக்கிறது பாருங்கள், அதுதான் ராத்திரி தூக்கத்தில் வருகிறது.

எல்லாவற்றையும் கூட்டிப் பொத்தானை அமுக்கினால் திரையில் ஒரு வட்டம் சுற்றும். லோடிங் என்கிறான் பையன். நான் திருச்சுழிக்காரன், எனக்கு அது சுழி.

எங்கள் ஊருக்குப் பெயர் வந்த கதை அதுதானே. பிரளய வெள்ளம் வந்தபோது சிவபெருமான் பூமியில் ஒரு துளை போட்டு, அத்தனை தண்ணீரையும் சுழித்து உள்ளே இறங்க வைத்தார் என்கிறது தலபுராணம். இறங்கிய தண்ணீர் திரும்பி வரவில்லை என்பதற்கு எங்கள் கரிசல் காடே சாட்சி. திரையில் சுற்றுகிற சுழியும் அதே வேலையைத்தான் பார்க்கிறது, தண்ணீருக்குப் பதில் பணம். எங்களுக்குச் சுழி பார்ப்பது கைவந்த கலை. மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கும் முன்னே சுழியைத்தான் தேடுவோம். விலங்குச் சுழி உள்ள மாட்டைப் பிடித்தால் வீட்டுக்காரன் ஜெயிலுக்குப் போவான், பாடைச் சுழி என்றால் அதற்கும் மேலே போவான் என்பார்கள். தலையில் ரெட்டைச் சுழி இருந்தால் ரெண்டு கல்யாணம். சேட்டைக்காரப் பயலைச் ‘சரியான சுழி’ என்போம். எந்தத் தாளிலும் முதலில் பிள்ளையார் சுழி. பள்ளிக்கூடத்தில் மூணு சுழி, ரெண்டு சுழி. இதை நான் ரொம்ப நேரம் யோசித்தேன், வேறு வேலை இல்லாததால்: கட்டணத்துக்கு மூணு சுழி ‘ண’, அனுமதிக்கு ரெண்டு சுழி ‘ன’. ஒரு சுழி உதைக்கிறது. அதுதான் நிலுவை!

இதை வீட்டுக்காரியிடம் சொன்னேன். “ஏங்க, தலையில எழுதுனதும் சுழிதான். போய்ப் படுங்க” என்றாள்.

வட்டம் சுற்றும்போது ‘ரெஃப்ரெஷ் செய்யாதீர்கள், பின்னால் போகாதீர்கள்’ என்று ஒரு வாசகம் வேறு. கொள்ளி வைத்தவன்கூட அவ்வளவு பயந்து திரும்பிப் பார்க்காமல் வரமாட்டான். நானும் அசையாமல் இருந்தேன். பணம் எடுத்த எஸ்எம்எஸ் மட்டும் எந்தச் சுழியிலும் மாட்டாமல் நேரே வந்து சேர்ந்தது. யுபிஐயில் பணம் போய், எதிர்ப்பக்கம் உறுதியாகவில்லை என்றால் ஐந்து நாளுக்குள் அது திரும்ப வரவேண்டும், தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் சேர்த்துத் தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019-லேயே சொல்லியிருக்கிறது. அந்த நூறுக்கும் எனக்கு வழியில்லை. பணம்தான் போய்ச் சேர்ந்துவிட்டதே, பாக்கி 0.00 என்று அவர்களே காட்டுகிறார்களே.

பழைய கவுன்டரை நான் நல்லது என்று சொல்லமாட்டேன். வரிசையில் நின்று கால் வீங்கும், ‘சில்லறை இல்லையா’ என்று முகத்தில் அடிப்பார்கள், ஆள் டீ குடிக்கப் போயிருப்பார். ஆனால் டீ குடித்துவிட்டுத் திரும்பி வருவார். சண்டை போட ஒரு முகம் இருந்தது. இங்கே யாரோடு மல்லுக்கட்ட? கம்ப்யூட்டர் சென்டர் தம்பியிடம் கேட்டால், “அய்யா, அது தானா மாறிரும். காலையில பாருங்க” என்கிறான். பதினாறு காலை ஆகிவிட்டது. வானம் பார்த்த பூமியில் பிறந்தவனுக்கு இது பெரிய விஷயமில்லை. ஐப்பசியில் மேகத்தைப் பார்க்கிற மாதிரியே பார்க்கிறேன். ஆனால் மேகம் என் பணத்தை வாங்கிக்கொண்டு கறுப்பதில்லை.

எங்கள் ஊரில் 1879-ல் பிறந்த ஒரு பையன், மதுரையில் பதினாறு வயதில், அண்ணனுக்குக் கல்லூரிச் சம்பளம் கட்டக் கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு திருவண்ணாமலைக்குப் புறப்பட்டுவிட்டான். ரயிலுக்கு இரண்டு ரூபாய் பதின்மூன்று அணா. உலகம் அவரைப் பிற்பாடு ரமண மகரிஷி என்றது. அவர் வைத்துவிட்டுப் போன சீட்டில் தன்னைத் தேடவேண்டாம் என்பதோடு, சம்பளம் இன்னும் கட்டவில்லை, இத்துடன் இரண்டு ரூபாய் இருக்கிறது என்பதும் இருந்தது. எது கட்டவில்லை, எவ்வளவு மிச்சம், மிச்சம் எங்கே என்று ஒரு குழப்பம் உண்டா? ஓடிபி கிடையாது. கையெழுத்துகூடக் கிடையாது, ஒரு கோடுதான். 1896-ல், எல்லாவற்றையும் துறந்து போகிற அவசரத்தில், ஒரு பிள்ளையால் முடிந்த காரியம். சாமி என்னை மன்னிக்கட்டும், நேற்று ராத்திரி எனக்கு ஞானத்தைவிட அந்தச் சீட்டின் மேல்தான் பக்தி வந்தது.

கொத்தனார் மூன்று தடவை போன் பண்ணிவிட்டார். “சார், கம்பி விலை ஏறுது.” என்ன சொல்ல? சுழி ரூபாய் புரளவில்லை என்றா?

நிலுவையைப் புரிந்துகொள்வது எப்படி என்று சொல்ல வந்தேன் அல்லவா. இருங்கள், மணி ஆறே கால், ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்.

0.00. சிவப்பு.

சுழி ரூபாயை எந்த ஜன்னலில் வாங்குவார்கள் என்று தெரிந்தவர்கள் எனக்கு ஒரு கார்டு போடுங்கள். சில்லறை சரியாக வைத்திருக்கிறேன்.