ஒரகடம் முதல் வாடிவாசல் வரை: விடுப்பியல் நோக்கில் ஓர் ஆய்வு

ஜல்லிக்கட்டு பற்றி இதுவரை வந்த ஆய்வுகள் எல்லாம் காளையில் தொடங்கிக் காளையிலேயே முடிகின்றன. சிந்துவெளி முத்திரையில் நிற்பது நம்மூர் மாடுதானா என்று அறிஞர்கள் மல்லுக்கட்டுகிறார்கள். அந்தக் காளையைப் பார்க்கப் போகிறவனுக்கு லீவு கிடைத்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. இப்பெருங்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக்களம், இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம், வல்லம் வடகால் வரையுள்ள தொழிற்பேட்டைகள். ஆய்வுக்கு உட்பட்டோர், தென்மாவட்டங்களிலும் வேலூர்ப் பக்கத்திலும் பிறந்து, கார், லாரி, புல்லட், டயர், செல்போன் இவற்றில் ஏதோ ஒன்றின் ஏதோ ஒரு மூலையை மட்டும் நாள் முழுக்கச் செய்கிற இளைஞர்கள்.

வெளிநாடு வராத ஆய்வுக்கு மதிப்பில்லை என்பதால் ஸ்பெயினின் பாம்ப்லோனாவையும் சேர்த்துக்கொள்கிறோம். அங்கே சான் பெர்மின் விழாவில் ஜூலை 7 முதல் 14 வரை தினமும் காலை 8 மணிக்குக் காளைகளை அவிழ்த்துவிடுகிறார்கள். தெருவின் நீளம் சுமார் 875 மீட்டர்; இரண்டு மூன்று நிமிடத்தில் கதை முடிந்துவிடும். ஒரகடத்திலும் இதே ஓட்டம் இதே 8 மணிக்கு நடக்கிறது. மாதம்தான் நவம்பர். ரயில் முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது. எனவே பொங்கலுக்கு முந்தைய இரவின் பாண்டியன் எக்ஸ்பிரஸுக்கு நவம்பர் நடுவில் ஒரு காலை 8 மணிக்கு வாடிவாசல் திறக்கும். மூன்று துள்ளலுக்குள் பிடிக்காதவனுக்கு வெயிட்டிங் லிஸ்ட்.

இங்கேதான் நம் முதன்மைக் கண்டுபிடிப்பு. 8 மணிக்கு முதல் ஷிப்ட்காரன் லைனில் நிற்கிறான். போன் லாக்கரில் கிடக்கிறது. ஜெனரல் ஷிப்ட்காரன் கம்பெனி பஸ்ஸில், படப்பை நெரிசலில், ஓ.டி.பி.க்குக் காத்திருக்கிறான். இரண்டாம் ஷிப்ட்காரன் தூங்குகிறான். இரவு ஷிப்ட் முடித்து அறைக்கு வந்தவன் மட்டுமே கண்ணும் கையும் காலியாக உட்கார்ந்திருக்கிறான். ஆகவே தென்மாவட்ட ரயில்களின் பொங்கல் படுக்கைகளைத் தீர்மானிப்பது ஷிப்ட் சுழற்சியே என நிறுவுகிறோம். மற்றவர்களுக்குக் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் இருக்கிறது. அங்கே என்ன நடக்கும் என்பது ஆய்வுக்கு அப்பாற்பட்டது.

டிக்கெட் கிடைத்தால் லீவு கிடைத்ததாகாது. தை முதல் நாள் அவனியாபுரம், மாட்டுப் பொங்கலன்று பாலமேடு, காணும் பொங்கலன்று அலங்காநல்லூர். பெரிய மாட்டைப் பார்க்க மூன்றாம் நாள்வரை தாக்குப்பிடிக்க வேண்டும். 1958ஆம் ஆண்டின் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் தேசிய நாட்கள் போகப் பண்டிகைகளுக்கு ஐந்தே நாள் தருகிறது. அதில் மூன்றைப் பொங்கலுக்கே கொடுக்கும் கம்பெனியும் உண்டு. ஒன்றைக் கொடுத்துவிட்டு வாழ்த்து அட்டை ஒட்டும் கம்பெனியும் உண்டு. 2014 மே 7 அன்று ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்த உச்ச நீதிமன்றம், 2017இல் மெரினா நிரம்பி வழிந்து, தமிழகம் சட்டத் திருத்தம் இயற்றிய பிறகு, 2023 மே 18 அன்று அத்திருத்தம் செல்லும் என்றது. எச்.ஆர். துறையில் மட்டும் வழக்கு நிலுவையில் இருக்கிறது.

விண்ணப்பச் செயலியில் காரணம் தேர்ந்தெடுக்கச் சொன்னால் உடல்நலம், குடும்ப நிகழ்ச்சி, இதர என்று மூன்றே வரும். மாடு வராது. நம்மாட்கள் குடும்ப நிகழ்ச்சியை அழுத்துகிறார்கள். காளைக்குப் பெயர் வைத்து, அது செத்தால் மாலை போட்டு அடக்கம் செய்கிற வீட்டுப் பிள்ளை அழுத்தும்போது அதைப் பொய் என்று எந்த ஆய்வாளரும் சொல்ல மாட்டார். இன்னொரு வழி பண்டமாற்று. பீகார்க்காரர் சத் பூஜைக்கு ஊருக்குப் போனபோது அவர் வேலையைப் பார்த்தவனுக்கு, பொங்கலன்று அவர் நிற்கிறார். தேசிய ஒருமைப்பாடு பற்றிப் பேசுவோர் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

இத்தனையும் தாண்டி அலங்காநல்லூர் போய்ச் சேர்ந்தவன் காண்பது என்ன? சிறந்த வீரருக்குப் பரிசாக ஒரு கார். வருஷம் முழுக்கக் காருக்குக் கதவு மாட்டுகிறவன், ஒரே நாளில் முழுக் காரையும் ஒருவர் வாங்கிக்கொண்டு போவதைக் கேலரியிலிருந்து கைதட்டிப் பார்க்கிறான். கதவு இடைவெளி சரியாக இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கவும் செய்கிறான்.

லீவே கிடைக்காதவர்களுக்கு நம் பரிந்துரை வேலூர், திருப்பத்தூர் பக்கத்து மாடு விடும் விழா. பெங்களூரு நெடுஞ்சாலையில் பைக்கை விட்டால் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வேலூர் சுமார் நூறு கிலோமீட்டர். பொங்கலோடு முடியாமல் அடுத்த வாரங்களிலும் ஊர் ஊராக நடப்பதால் வார விடுமுறையே போதும். பாம்ப்லோனாவுக்கு உண்மையான பங்காளியும் இதுதான்: தெருவின் ஒரு முனையில் அவிழ்த்த மாடு மறுமுனைக்கு ஓடுகிறது, குறைந்த நொடியில் கடந்த மாட்டுக்குப் பரிசு. தன் தலைமேல் எப்போதும் நிற்கிற ஸ்டாப்வாட்ச் இங்கே மாட்டின்மேல் திரும்பியிருப்பதைக் கண்டதும் லைன் ஆளுக்கு வருகிற உற்சாகம் அளவிட முடியாதது. தரக்கட்டுப்பாட்டில் இருக்கும் ஒருவர், கோட்டை மாட்டின் மூக்கு தொட்டதும் கடிகாரத்தை நிறுத்துவதா, திமில் தாண்டியதும் நிறுத்துவதா என்று விழாக் குழுவிடம் விளக்கம் கேட்டார். "தம்பி, மொதல்ல தெருவ விட்டு ஓரமா வா" என்றார்கள்.