பின்னொளிக்கு எத்தனை எஜமானர்?

கேள்வி: லினக்ஸ் இயங்கும் மடிக்கணினியின் திரை, எவர் கையும் படாமல் மங்குகிறது, சற்று நேரத்தில் தானே பளிச்சென்று எரிகிறது. மாந்திரீகரை அழைக்கலாமா?

பதில்: அந்தச் செலவு வேண்டாம், இங்கே ஆவிக்குத்தான் பஞ்சம், ஆட்களுக்குப் பஞ்சமில்லை. எல்சிடி திரை தானாக ஒளிர்வதில்லை. அதன் பின்புறம் உள்ள எல்இடி வரிசையே ஒளி தருகிறது, அதற்குப் பின்னொளி என்று பெயர். அந்தப் பின்னொளியைக் கூட்டவும் குறைக்கவும் அதிகாரம் படைத்தவர்களைக் கணக்கெடுத்தால், விசைப்பலகையின் ஒளிர்வு விசை, சும்மா கிடக்கும் திரையை மங்கச் செய்யும் டெஸ்க்டாப், அறை வெளிச்சத்தை அளக்கும் உணரி, சார்ஜரைப் பிடுங்கியதும் சிக்கனம் பேசத் தொடங்கும் மின்மேலாண்மைச் சேவை, தாய்ப்பலகையில் உறையும் ஃபர்ம்வேர், கிராஃபிக்ஸ் சில்லை இயக்கும் டிரைவர் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். இவர்களில் பெரும்பாலோர் தத்தம் விதிப்படி ஒழுங்காகவே நடந்துகொள்கிறார்கள். ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரிவதில்லை என்பதே கோளாறு. ஆகவே எந்த அமைப்பையும் மாற்றத் தொடங்குமுன், விளக்கைத் திருகுவது யார் என்று கண்டுபிடிப்பதே முதல் வேலை.

அதற்கு லினக்ஸ் நல்ல வசதி செய்து வைத்திருக்கிறது. இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல், வன்பொருளின் நிலையைக் கோப்புகளின் வடிவில் காட்டும் சிஸ் என்னும் மெய்நிகர் கோப்பகத்தை வைத்திருக்க, அதனுள் கிளாஸ், அதனுள் பேக்லைட் என்று இறங்கிச் சென்றால், ஒவ்வொரு பின்னொளிச் சாதனத்துக்கும் ஓர் அடைவு கிடைக்கிறது. அங்கே பிரைட்னெஸ் என்னும் கோப்பில் கடைசியாகக் கேட்கப்பட்ட அளவும், மேக்ஸ் பிரைட்னெஸ் என்பதில் உச்ச அளவும், ஆக்சுவல் பிரைட்னெஸ் என்பதில் வன்பொருள் தானே சொல்லும் அளவும் எண்ணாக இருக்கும். திரை மாறும் தருணத்தில் முதல் எண்ணும் மாறினால், ஏதோ ஒரு நிரல் அதை எழுதியிருக்கிறது என்று பொருள். அந்த எண் அசையாமலே திரை மாறினால், அதை எழுதிய நிரலைத் தேடிப் பயனில்லை. சில்லு, ஃபர்ம்வேர், திரைப்பலகம் ஆகியவற்றின் பக்கமே பார்வை திரும்ப வேண்டும். இந்த ஒரு சோதனை சந்தேகப் பட்டியலைப் பாதியாக வெட்டிவிடும். ஆயினும் பலரும் இதைச் செய்யாமல், இணையத்தில் கண்ட கட்டளைகளை வரிசையாக ஒட்டிப் பார்த்துவிட்டு, எது பலித்தது என்றே தெரியாமல் குணமடைகிறார்கள்.

இன்னும் ஒரு படி ஆழமாகப் போக விரும்புவோர், சாதன நிகழ்வுகளை அறிவிக்கும் யுடெவ் கருவியின் கண்காணிப்புக் கட்டளையைப் பின்னொளிப் பிரிவுக்கு மட்டும் ஓடவிட்டால், ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அதன் தோற்றுவாய், விசையா அல்லது சிஸ் வழியாக எழுதிய நிரலா என்பதைக் கெர்னலே சொல்லும். நிரலின் பெயரை மட்டும் சொல்லாது, பண்பட்ட சாட்சி.

கேள்வி: நிரல்தான் குற்றவாளி என்று தெரிந்துவிட்டது. முதலில் யாரைப் பிடிப்பது?

பதில்: உணரியை. வெப்கேமராவின் அருகே பல மடிக்கணினிகளில் ஒளியுணரி ஒன்று ஒளிந்திருக்கிறது. ஐஐஓ சென்சார் பிராக்சி என்னும் சேவை அதன் அளவைப் படித்து டெஸ்க்டாப்பிடம் ஒப்படைக்க, டெஸ்க்டாப் திரையைச் சரிசெய்கிறது. உணரியை விரலால் மூடியதும் திரை மங்கினால் வழக்கு முடிந்தது. நோம் டெஸ்க்டாப்பின் அமைப்புகளில் மின்சாரப் பகுதிக்குச் சென்று தானியங்கி ஒளிர்வை அணைத்துவிடலாம். சும்மா இருந்தால் மங்கும் ஏற்பாடும் அதே பகுதியில்தான் இருக்கிறது. ஜன்னலோரம் அமர்ந்து, மேகம் கடக்கும்போதெல்லாம் கணினியைச் சபிப்பவர்கள் இதை முதலிலேயே பார்ப்பது நலம்.

கேள்வி: பேக்லைட் அடைவைத் திறந்தால் உள்ளே இரண்டு சாதனங்கள் இருக்கின்றன: ஒன்றின் பெயர் ஏசிபிஐ வீடியோ, மற்றது இன்டெல் பேக்லைட். திரையோ ஒன்றுதான். இரண்டாவது திரையை யார் திருடினார்கள்?

பதில்: திருட்டு நடக்கவில்லை. மாடிப்படி விளக்குக்குக் கீழே ஒரு சுவிட்சும் மேலே ஒரு சுவிட்சும் இருப்பதுபோல ஒரே பின்னொளிக்கு இரண்டு கைப்பிடிகள் உள்ளன; ஆனால் இந்த வீட்டில் ஒரு சுவிட்சுக்குக் கம்பி சேர்ந்திருக்கிறதா என்பது உறுதியில்லை.

ஏசிபிஐ என்பது, மின்சாரம் சார்ந்த வேலைகளை ஃபர்ம்வேரும் இயங்குதளமும் பேசி முடித்துக்கொள்வதற்கான பொது விதித்தொகுப்பு. அதன்படி, எந்தெந்த ஒளிர்வு நிலைகள் உண்டு என்று பட்டியலிடும் செயல்முறை ஒன்றும், கேட்ட நிலைக்கு மாற்றும் செயல்முறை இன்னொன்றும் ஃபர்ம்வேரில் எழுதப்பட்டிருக்கும். அந்தப் பட்டியலின் முதல் இரண்டு எண்கள் சாதாரண நிலைகள் அல்ல; முதலாவது மின்னிணைப்பில் இருக்கும்போதும், இரண்டாவது பேட்டரியில் ஓடும்போதும் பின்பற்ற வேண்டிய அளவுகள். இது முதல் கைப்பிடி. இரண்டாவது கைப்பிடி, ஃபர்ம்வேரைக் கேட்காமல் கிராஃபிக்ஸ் சில்லின் பதிவேட்டிலேயே நேராக எழுதும் டிரைவருடையது. அதற்கு நேட்டிவ் முறை என்று பெயர்.

இரண்டும் ஒழுங்காக வேலை செய்த காலமும் உண்டு. 2012இல் வெளிவந்த விண்டோஸ் 8, ஒளிர்வைக் கிராஃபிக்ஸ் டிரைவர் வழியாகவே மாற்றத் தொடங்கியதும், ஃபர்ம்வேரில் உள்ள அந்தப் பழைய செயல்முறையைச் சோதித்துப் பார்க்கும் தேவை தயாரிப்பாளர்களுக்கு இல்லாமற்போனது. விண்டோஸ் தொடாத குறிமுறையை எவரும் சோதிப்பதில்லை என்பது மடிக்கணினி உலகின் எழுதப்படாத சட்டம். அந்தச் சட்டத்தின் தண்டனை மட்டும் லினக்ஸ் பயனருக்கு. கெர்னல் பழைய வழக்கப்படி ஃபர்ம்வேரிடம் மரியாதையாகக் கேட்டது. ஃபர்ம்வேர் ஆகட்டும் என்று தலையாட்டிவிட்டு ஒன்றும் செய்யாமல் இருந்தது, அல்லது செய்யக்கூடாததைச் செய்தது. எண் ஏறுகிறது, திரை அசையவில்லை என்னும் புகாரின் பிறப்பிடம் இதுவே. அதைச் சமாளிக்க, தன்னை விண்டோஸ் 8 அல்ல என்று ஃபர்ம்வேரிடம் கெர்னலைப் பொய் சொல்லவைக்கும் துவக்க அளவுருகூடப் புழக்கத்தில் இருந்தது. ஒளிர்வு சரியாகும், ஆனால் அதே பொய்யை நம்பி டச்பேடோ விசையோ வேறு விதமாக நடந்துகொள்ளக்கூடும் என்பதால், அதைப் பரிந்துரைப்பது இன்று நல்ல பழக்கம் ஆகாது.

பல சாதனங்களைக் காட்டி எது உண்மை என்று ஊகிக்கும் பாரத்தைப் பயனர்பக்க மென்பொருளின் தலையில் கட்டும் வழக்கம், ஹான்ஸ் ட கூடே என்னும் கெர்னல் உருவாக்குநர் மேற்கொண்ட பெரிய சீரமைப்புக்குப் பிறகு மாறியது; 2022 டிசம்பரில் வெளியான 6.1 கெர்னலிலிருந்து, ஒரு திரைக்கு ஒரே சாதனத்தைப் பதிவுசெய்வதே நெறியாயிற்று. ஆகவே இரண்டு சாதனங்கள் இன்னும் தென்படும் கணினியில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, கெர்னலின் வயது என்ன என்பதே. புதிய கெர்னலிலும் தவறான கைப்பிடி தேர்வாகியிருந்தால், துவக்க வரியில் ஏசிபிஐ பேக்லைட் என்னும் அளவுருவுக்கு நேட்டிவ், வீடியோ (ஏசிபிஐ வழி), வெண்டர் (தயாரிப்பாளரின் தனி டிரைவர் வழி) ஆகிய மதிப்புகளில் ஒன்றைக் கொடுத்துப் பார்க்கலாம். ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். மூன்றையும் சேர்த்து எழுதி அதிர்ஷ்டத்தை அழைப்பது முறையன்று.

கேள்வி: ஒளிர்வு விசையை ஒரு முறை அழுத்தினால் இரண்டு படி ஏறுகிறது. தாராள மனமா?

பதில்: ஒரே அழுத்தலை ஏசிபிஐ வீடியோ டிரைவரும் தயாரிப்பாளரின் தனி டிரைவரும் ஆளுக்கொரு முறை அறிவிப்பதுண்டு, அல்லது விசை அழுத்தப்பட்டதும் கெர்னல் தானே ஒரு படி ஏற்ற, செய்தி கேட்ட டெஸ்க்டாப் இன்னொரு படி ஏற்றுவதுண்டு. வீடியோ தொகுதியில் இவ்விரண்டையும் தனித்தனியே கட்டுப்படுத்தும் அளவுருக்கள் இருக்கின்றன.

கேள்வி: கூட்டும் விசையை அழுத்தினால் குறைகிறது, குறைக்கும் விசையை அழுத்தினால் கூடுகிறது.

பதில்: சில திரைப்பலகங்களில் பின்னொளியை இயக்கும் மின்துடிப்பின் பொருள் தலைகீழாக வடிவமைக்கப்பட்டிருக்கிறது. இன்டெல் டிரைவரில் இதற்கென்றே ஒளிர்வைத் தலைகீழாக்கும் அளவுரு ஒன்று உண்டு. ஏசர் ஆஸ்பயர் 5734இசட் போன்ற மாதிரிகளின் விபரீத குணம் அந்த டிரைவரின் விதிவிலக்குப் பட்டியலிலேயே ஏறியிருக்கிறது.

கேள்வி: ஒவ்வொரு முறை துவக்கும்போதும் திரை முழு இருட்டு. கணினி ஓடும் சத்தம் மட்டும் கேட்கிறது.

பதில்: முதலில் கைப்பேசியின் டார்ச்சைத் திரையின் மீது சாய்வாக அடித்துப் பார்க்க வேண்டும். எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தால் திரைப்பலகம் உயிரோடிருக்கிறது, பின்னொளி மட்டுமே அணைந்திருக்கிறது என்று அறியலாம். பழுதுபார்ப்பவரிடம் போவதற்குமுன் செலவில்லாமல் கிடைக்கும் தீர்ப்பு இது.

பின்னொளிதான் காரணம் என்றால், சிஸ்டம்டி என்னும் சேவை மேலாளரின் பின்னொளிப் பிரிவைச் சந்தேகிக்கலாம். கணினி அணையும்போது இருந்த ஒளிர்வைக் குறித்துவைத்து, அடுத்த துவக்கத்தில் மீட்பதே அதன் பணி. குறிப்பு தவறாக இருந்தாலும் விசுவாசமாக மீட்கும். இரண்டு சாதனங்கள் இருந்தால் தவறான ஒன்றுக்கு மீட்டுவிடவும் கூடும். பூச்சியத்தில் அணைந்தவர் பூச்சியத்திலேயே விழிக்கக்கூடாது என்று, உச்ச அளவில் 5 விழுக்காட்டுக்குக் கீழே போகாதபடி இயல்பிருப்பில் ஒரு வரம்பும் வைக்கப்பட்டிருக்கிறது. குறைந்தபட்ச எண் என்பது மிக மங்கலா அல்லது முழு அணைப்பா என்பதில் வன்பொருள்களுக்குள் ஒற்றுமை இல்லாததால் வந்த முன்னெச்சரிக்கை அது. தேவையற்ற சாதனத்துக்குரிய சேவையை மட்டும் முடக்குவது பெரும்பாலும் போதும்.

கேள்வி: இருண்ட காட்சி வந்தால் திரை இன்னும் மங்குகிறது, வெள்ளைப் பக்கம் திறந்தால் கூடுகிறது. கோப்பில் உள்ள எண்ணோ கல்போல் நிற்கிறது.

பதில்: முதல் பதிலில் சொன்ன இரண்டாவது வகை இதுதான். திரையில் தோன்றும் படத்தின் தன்மையை ஆராய்ந்து, பின்னொளியைக் குறைத்து, அதை ஈடுசெய்ய நிறங்களை உயர்த்தி மின்சாரம் சேமிக்கும் நுட்பம் ஏஎம்டி சில்லுகளில் ஏபிஎம் எனப்படுகிறது. அதற்கு 0 முதல் 4 வரை நிலைகள் உண்டு. 2024இல் பவர் புரொஃபைல்ஸ் டீமன் என்னும் சேவை, பேட்டரியில் ஓடும்போது இதைத் தானே இயக்கத் தொடங்கியதும், நேற்றுவரை நன்றாயிருந்த நிறங்கள் வெளிறிவிட்டன என்று புகார்கள் கிளம்பின. சார்ஜரைச் செருகியதும் நிறம் திரும்புகிறதா என்று பார்ப்பதே சோதனை. ஏஎம்டி டிரைவரின் ஏபிஎம் அளவுருவுக்குப் பூச்சியம் கொடுத்து இதை நிறுத்தலாம். சில மடிக்கணினிகளில் இதே வேலையைத் திரைப்பலகமே தனித்துச் செய்கிறது. அங்கே லினக்ஸுக்கு அதிகாரமில்லை, பயாஸ் அமைப்பில் வழி இருந்தால் உண்டு.

விட்டுவிட்டுத் துடிப்பது வேறு நோய். மாறாத படத்தைத் திரைப்பலகம் தன் நினைவிலிருந்தே காட்டிக்கொள்ளும் சுயபுதுப்பிப்பு முறையில் வரும் தடுமாற்றம் அதற்கு அடிக்கடி காரணமாகிறது. இன்டெல் டிரைவரில் பிஎஸ்ஆர் அளவுருவை அணைத்து அதைச் சோதிக்கலாம்.

கேள்வி: பத்து விழுக்காட்டிலிருந்து இருபதுக்குப் போனால் கண் கூசுகிறது, எண்பதிலிருந்து தொண்ணூறுக்குப் போனால் ஒன்றும் தெரியவில்லை. எண் பொய் சொல்கிறதா?

பதில்: எண் உண்மையே சொல்கிறது, கண்தான் வேறு கணக்குப் போடுகிறது. புலனுணர்வு, தூண்டலின் அளவைக் கூட்டல் முறையில் அன்றி விகித முறையில் உணர்கிறது என்பதை ஜெர்மன் அறிஞர் ஃபெக்னர் 1860இல் வெளியிட்ட நூலிலேயே வகுத்துரைத்தார். பத்து இருபதாவது இருமடங்கு. எண்பது தொண்ணூறாவது எட்டில் ஒரு பங்கு உயர்வு. பின்னொளியின் எண்ணளவு நேர்கோட்டு வகையா அன்றா என்று அறிவிக்கும் ஸ்கேல் என்னும் கோப்பு 2019இல் கெர்னலில் சேர்ந்தது. ஆயினும் பல சாதனங்கள் அதில் தெரியாது என்றே எழுதிவைத்திருக்கின்றன. பிரைட்னெஸ்சிடிஎல் என்னும் சிறு கருவி, அடுக்குக்குறி முறையில் படிகளைப் பிரிக்கும் வசதி தருகிறது.

கேள்வி: எக்ஸ்ரேண்டர் கட்டளையில் ஒளிர்வைப் பாதியாக்கினால் எல்லாச் சிக்கலும் தீரும் என்று நண்பர் கூறுகிறார்.

பதில்: நண்பர் விளக்கைக் குறைக்கவில்லை, படத்தின் மீது கரி பூசுகிறார். அந்தக் கட்டளை நிற அளவுகளை மட்டுமே தாழ்த்துகிறது. பின்னொளி முழு வேகத்தில் எரிந்துகொண்டே பேட்டரியைக் குடிக்கும். ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரையில் மட்டும் இந்தக் கரிப்பூச்சுக்கும் மின்சேமிப்பு மதிப்பு உண்டு. வேலண்டு முறையில் இயங்கும் டெஸ்க்டாப்பில் கட்டளையே பலிக்காது.

கேள்வி: எல்லாவற்றையும் செய்தாயிற்று, திரை திருந்தவில்லை.

பதில்: கெர்னல் பதிப்பு, மடிக்கணினியின் சரியான மாதிரிப்பெயர், பேக்லைட் அடைவில் உள்ள சாதனங்களும் அவற்றின் வகையும், முயன்ற அளவுருக்களும் ஒவ்வொன்றின் விளைவும் என்று இவற்றைத் தொகுத்துத் தன் லினக்ஸ் வழங்கலின் வழுப்பதிவில் வாசகர் சேர்க்கலாம். கெர்னலின் ஏசிபிஐ பகுதியில், எந்த மாதிரிக்கு எந்தக் கைப்பிடி என்று பெயர் பெயராகக் குறித்த விதிவிலக்குப் பட்டியல் ஒன்று இருக்கிறது. அளவுரு ஒன்று பலித்த மாதிரியின் பெயர் அதில் ஏறிவிட்டால், அடுத்து வரும் கெர்னலில் அந்த அளவுருவைக் கையால் எழுத வேண்டியதில்லை.