கியர் பாக்ஸுக்குக் கைவைத்தியம்

வெள்ளிக்கிழமை தவறாமல் டிராக்டருக்குக் குளியல் உண்டு. பானெட்டில் சந்தனம், குங்குமம், பம்பரில் எலுமிச்சம்பழம். பின்னால் தொங்கும் ரொட்டவேட்டருக்கு இதில் எந்தப் பங்கும் கிடையாது. பின்னால் திரும்பிப் பார்க்கும் பழக்கம் வாடகைக்கு உழவு ஓட்டும் அண்ணனுக்கு இல்லை.

"அண்ணே, கியர் பாக்ஸ் ஆயில் பாத்தாச்சா?" என்று வரப்பில் நிற்பவர் கேட்டுவிட்டால் போதும், அண்ணன் இறங்கி வருவார். பிளக்கைத் திறக்க அல்ல. உள்ளங்கையை கியர் பாக்ஸ் மேல் பதிப்பார். கண்ணை மூடுவார். நாடி பிடித்த சித்த வைத்தியரின் களை அந்த முகத்துக்கு வந்துவிடும்.

"சூடே இல்ல தம்பி. ஆயில் நெறைய இருக்கு."

இது காலை ஆறு மணிக்கு, இன்னும் ஸ்டார்ட் செய்யாத வண்டியில். சாயங்காலம் உழவு முடிந்து கை வைத்தால் சுரீரென்று சுடும். "ஆயில் வேலை செய்யுதுல்ல, அப்பிடித்தான் சுடும்." கறகறவென்று சத்தம் வந்தால் பழி கல்லின் மேல். ஓரமாகக் கசிகிறதே என்று காட்டினால் சிரிப்பார்: "கசியுதுன்னா உள்ள இருக்குன்னுதான அர்த்தம்?" நாலு நாளில் கசிவு நின்றுபோகும். "பாத்தியா, சீல் தானாவே அடைச்சிக்கிச்சு!" கசிவதற்கு உள்ளே எதுவும் மிச்சமில்லை என்பது அண்ணன் கைக்குத் தெரியவில்லை.

இத்தனைக்கும் வேலை ஐந்து நிமிடம்தான். சமதரையில் ரொட்டவேட்டரை இறக்கி, பி.டி.ஓ.வையும் இன்ஜினையும் நிறுத்தி, சூடு ஆறியபின் லெவல் பிளக்கைக் கழற்ற வேண்டும். துளையின் விளிம்பு வரை ஆயில் நின்றால் சரி. சில மாடல்களில் அளவுக்குச்சி உண்டு. நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும் பி.டி.ஓ.வின் வேகத்தை உள்ளே இருக்கும் கிரவுனும் பினியனும் பக்கவாட்டில் திருப்பிவிடுகின்றன. அந்தப் பற்கள் ஆயிலில் முங்கி எழுந்தால்தான் மற்ற பாகங்களுக்கும் ஆயில் தெறிக்கும். அங்கிருந்து சக்தி போய்ச்சேரும் சைடு பாக்ஸில் தனி ஆயில், தனி பிளக். இந்த இரண்டாவது பிளக் இருப்பதையே அண்ணன் ஒப்புக்கொள்வதில்லை.

அதற்காக ஆயிலே ஊற்றாதவர் என்று சொல்லிவிட முடியாது. இன்ஜின் சர்வீஸில் வடித்த கறுப்பு ஆயில் ஒரு கேனில் இருக்கிறது. "எல்லாம் ஆயில்தான!" கியர் பற்கள் பாரத்தோடு உரசும்போது தாங்குவதற்கென்றே பொதுவாக 90 கிரேடு இ.பி. கியர் ஆயில் ஊற்றச் சொல்கிறார்கள். அண்ணனின் கேனில் இருப்பது கரியும் இரும்புத் தூளும். ரோட்டர் ஷாஃப்டில் சுற்றிய வைக்கோலும் நைலான் கயிறும் சீலை அறுத்துவிட்டால், சேற்றுழவில் தண்ணீர் உள்ளே போய் ஆயில் வெளுத்துவிடும். பிளக்கைத் திறக்கிறவருக்கு அது ஒரே பார்வையில் தெரியும். எந்த ஆயிலை எப்போது மாற்றுவது என்று சொல்லும் புத்தகமோ, வாங்கிய நாளின் பிளாஸ்டிக் உறையோடு டூல் பாக்ஸில் பத்திரமாக இருக்கிறது.

மனுஷன் தங்கம். நடுராத்திரியில் யார் டிரெய்லர் சேற்றில் மாட்டினாலும் வந்து இழுத்துவிடுவார். ஆள் துணை இல்லாதவர்கள் நிலத்தில் டீசல் காசோடு சரி. இதனால்தான் யாரும் அவரை அதட்டுவதில்லை.

ஆனால், ஜூன் 12 மேட்டூர் அணை திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்த வாரத்தில், பாதி வயலில் பினியன் பல் உடைந்து வண்டி நிற்கும்போது, நஷ்டம் அண்ணனுக்கு மட்டுமில்லை. குறுவை நாற்றை 18 முதல் 22 நாளுக்குள் பறித்து நட்டாக வேண்டும். நடவு ஆட்களுக்குச் சொல்லியாகிவிட்டது. ஊரில் வேறு வண்டி சும்மா இல்லை. முறைத்தண்ணீர் அடுத்த வயலுக்குப் போய்விடும். சில நூறு ரூபாய் ஆயிலை மிச்சம் பிடித்தவர் ஆயிரக்கணக்கில் கிரவுன் பினியனுக்கு அழுகிறார். அது அவர் காசு. முற்றிப்போன நாற்று அடுத்தவர் காசு.

ஆகவே குறுவைக்கு அவரை அழைக்கப்போகும் விவசாயிகள் மே மாதமே ஒரு ஸ்பேனரோடு போங்கள். இரண்டு பிளக்கையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். மணிக்கு எவ்வளவு என்பதை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.