பால் பைத்தானுக்குப் பால் வேண்டாம்

கே: அறை நண்பன் பால் பைத்தான் வளர்க்கிறான். பெயருக்கேற்பக் கிண்ணத்தில் தினமும் பால் வைக்கிறான். சரியா? (சுங்குவார்சத்திரம்)

ப: அந்தப் 'பால்' மாடு கறப்பது இல்லை, பந்து. மிரண்டால் தலையை நடுவே ஒளித்துக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிடும், அதனால் ஆங்கிலத்தில் அப்படி ஒரு பெயர். சொந்த ஊர் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா. தாகத்தில் வாட விட்டால் எந்தப் பாம்பும் எதிரே இருப்பதைக் குடிக்கும். பாம்பாட்டியின் கூடைப் பாம்பு பால் குடிப்பது அப்படித்தான். பாலைச் செரிக்கும் வயிறு அதற்கு இல்லை. கிண்ணத்தில் தண்ணீரே இருக்கட்டும்.

கே: கேன்டீனில் மிஞ்சும் சிக்கனை மசாலா போகக் கழுவிக் கொடுக்கலாமா? (ஒரகடம்)

ப: கூடாது. பாம்புக்கு முழு எலிதான் ஃபுல் மீல்ஸ். எலும்பில் கால்சியம், ஈரலில் வைட்டமின் எல்லாம் ஒரே இலையில் வந்துவிடும்.

கே: எங்கள் கோடவுனில் எலிக்குப் பஞ்சமில்லை. பொறி வைத்துப் பிடித்து உயிரோடு போட்டால் செலவு மிச்சம்தானே? (இருங்காட்டுக்கோட்டை)

ப: படித்ததும் பதறிவிட்டேன். கோடவுன் சுவரோரம் கறுப்புப் பெட்டிகள் இருக்கின்றனவா, பாருங்கள். எலி மருந்துப் பெட்டி அது. உள்ளே இருப்பது பெரும்பாலும் ரத்தத்தை உறைய விடாத மருந்து. தின்ற எலி உடனே சாகாது, சில நாள் ஓடியாடிக்கொண்டிருக்கும். பொறியில் துள்ளுகிற எலியின் ஈரலிலும் விஷம் இருக்கலாம். விழுங்கும் பாம்புக்கும் அது போய்ச்சேரும்.

இன்னொன்று, உயிருள்ள எலி சும்மா இருக்காது. பசியில்லாத பாம்போடு ஒரு ராத்திரி அடைத்துவைத்தால் முதுகுத் தோலைக் கடித்துக் குதறிவிடும், கண்ணும் போகலாம். உணவுக்கென்றே வளர்த்து, கொன்று உறையவைத்த எலிதான் பாதுகாப்பு. முதல் நாள் இரவே ஃப்ரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். பிறகு கவரில் கட்டி, கை பொறுக்கும் வெந்நீரில் போடுங்கள். மைக்ரோவேவ் வேண்டாம், ஒரு பக்கம் வெந்து மறுபக்கம் உறைந்தே கிடக்கும். இந்தப் பாம்பின் மேலுதட்டில் சூடு அறியும் குழிகள் உண்டு. குளிர்ந்த எலி அதற்கு இரையாகவே தெரியாது. நீளமான இடுக்கியால் நீட்டுங்கள். எலியின் பருமன் பாம்பு உடம்பின் தடித்த பகுதியைத் தாண்டக் கூடாது. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

கே: எனக்கு வாரம் ஒரு ஷிஃப்ட். பாம்புக்கு எப்போது, எவ்வளவு கொடுப்பது? (வல்லம்)

ப: உங்கள் ஷிஃப்ட் மாறும், அதற்கு என்றைக்கும் நைட் ஷிஃப்ட்தான். விளக்கணைத்த பிறகு கொடுங்கள். குட்டிக்குத் தன் எடையில் 10 முதல் 15 சதவீதம், வாரம் ஒருமுறை. வளர்ந்ததற்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, எடையில் 5 சதவீதம் போதும். ஒன்றரைக் கிலோ பாம்புக்கு 75 கிராம் எலி. பாசத்தில் கூடுதலாக ஊட்டினால் கொழுப்புத்தான் சேரும். தின்றபின் இரண்டு நாள் தொடாதீர்கள். கூண்டின் ஒரு மூலை 31, 32 டிகிரி இருக்க வேண்டும். ஏசி அறையின் குளிரில் இரை செரிக்காமல் அழுகும், பாம்பு கக்கிவிடும்.

கே: இரண்டு மாதமாக வாயே திறக்கவில்லை. எனக்கும் சோறு இறங்கவில்லை. (படப்பை)

ப: நீங்கள் சாப்பிடுங்கள். இனப்பெருக்கக் காலத்திலும் தோலுரிக்கும் முன்பும் பால் பைத்தான் விரதமிருக்கும். நன்கு வளர்ந்தது மாதக்கணக்கில் தாங்கும். சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை போட்டு எழுதிவையுங்கள். பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தாலோ, மூச்சில் சீழ்க்கைச் சத்தம் கேட்டாலோ கால்நடை மருத்துவரிடம் போங்கள். வாயைப் பிளந்து திணிக்க மட்டும் வேண்டாம்.

கே: மலிவு விலையில் ஒரு குட்டி வருகிறது. ரசீது கிடையாதாம். (ஸ்ரீபெரும்புதூர்)

ப: வாங்காதீர்கள். 2023 ஜனவரியில் சென்னை விமான நிலையத்தில், பாங்காக்கிலிருந்து வந்து யாரும் எடுக்காத பைகளில் 45 பால் பைத்தான்கள் கிடந்தன, திருப்பி அனுப்பினார்கள். அதே ஆண்டு ஜூலையில் திருச்சியில், கோலாலம்பூரிலிருந்து வந்தவரின் பெட்டியில் 47 மலைப்பாம்புகள். அப்படி நீரின்றி நசுங்கி வரும் குட்டிதான் பிறகு ஒருவர் வீட்டில் எலியைக் கண்டும் திரும்பிக்கொள்கிறது. சட்டமும் இருக்கிறது: 2024 விதிகளின்படி, இத்தகைய வெளிநாட்டு உயிரினத்தை வைத்திருப்பவர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். ரசீதில்லாத பாம்புக்கு எதைக் காட்டிப் பதிவீர்கள்?

கே: கம்பெனி காம்பவுண்டில் குட்டி மலைப்பாம்பு ஒன்றைப் பிடித்து டப்பாவில் வைத்திருக்கிறோம். இதே சாப்பாடுதானா? (மாம்பாக்கம்)

ப: டப்பாவைத் திறக்காதீர்கள்! தடித்த உடம்பு, முதுகில் சங்கிலி போல வட்டங்கள் என்றால் அது கண்ணாடி விரியனாக இருக்கலாம். மலைப்பாம்புக் குட்டி என்று கையில் எடுத்துக் கடிபட்டவர்கள் பலர். நிஜமாகவே மலைப்பாம்பாக இருந்தாலும், நம் நாட்டு மலைப்பாம்பை வீட்டில் வைப்பது குற்றம். டப்பாவை நிழலில் விட்டு, தள்ளி நின்று, வனத்துறையையோ 101-இல் தீயணைப்புத் துறையையோ இப்போதே கூப்பிடுங்கள்.